முதலாம் வரிசைத் தாக்கக் கணக்குகள்: எஞ்சியது எவ்வளவு?

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். இரசாயனக் கணக்கொன்றை எடுத்துக்கொண்டு வந்திருப்பது கண்டு அன்பர்கள் வியப்படைவர். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மாணாக்கருக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையால் அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி முடிந்த ஒரு மாலை வேளையில், உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் தன் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். "ஒரு முதலாம் வரிசைத் தாக்கத்தின் 75 சதவீதம் 40 நிமிடத்தில் முடிவடைகிறது. அதன் அரைவாழ்வுக்காலம் யாது?" என்பது வினா. அவன் நேர்விகிதசமன் முறையாற் செய்து, 75 சதவீதத்திற்கு 40 நிமிடம் எனின் 50 சதவீதத்திற்கு 26⅔ நிமிடம் என எழுதியிருந்தான். "ஐயா, இது சரிதானா?" என்று கேட்டான். இரசாயன ஆசிரியர் வீடு சென்றுவிட்டார். நான் பெருக்கலையும் வகுத்தலையும் சரிபார்த்துவிட்டு, "சரிதான், போய்வா" என்று கூறி அனுப்பினேன்.

அந்த வாரமே தவணைப் பரீட்சை. அதில் அதே வகையான வினா வந்தது. அவனும் நான் சரியென்ற வழியிலேயே செய்தான், புள்ளியை இழந்தான். வினாத்தாளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்து, "நீங்களும் சரியென்று சொன்னீர்களே, ஐயா" என்றான். அவன் குரலிற் கோபம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அன்று மாலையே இரசாயன ஆசிரியராகிய நண்பரிடம் சென்று, பின்வாங்கில் அமர்ந்து பாடம் கேட்கலானேன். பல மாலைகள் ஆய்வுகூடத்திற் கழிந்தன. அங்கே கற்றவற்றையும், கற்றபின் மாணாக்கர் பலருடைய விடைகளைப் பார்த்து நான் அறிந்தவற்றையும் ஈண்டுத் தருகின்றேன். இவற்றின் சாரத்தை ஒரு வரியிற் சொல்லிவிடலாம்: முதலாம் வரிசைத் தாக்கக் கணக்கிற் பிழை விடுவோர் பெரும்பாலும் கணிதத்திற் பிழை விடுவதில்லை, வினாவை வாசிப்பதிலேயே பிழை விடுகின்றனர்.

சம அளவும் சம விகிதமும்

மெழுகுதிரி ஒன்று எரிகின்றது. மணிக்கு ஓர் அங்குலம் எரியுமாயின், எட்டு அங்குலத் திரி எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் மணியிலும் கடைசி மணியிலும் அது குறையும் அளவு ஒன்றே. இங்கே நேர்விகிதசமன் முறை செல்லும்.

இனி, ஒரு குடும்பத்திற்கு 16 பரப்புக் காணி இருந்தது எனக் கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் அப்போது கையிலிருக்கும் காணியிற் பாதி சீதனமாகச் சென்றுவிடுகின்றது. முதலாந் தலைமுறையில் 8 பரப்புப் போகும், 8 எஞ்சும். இரண்டாந் தலைமுறையில் 4 பரப்புப் போகும், 4 எஞ்சும். மூன்றாந் தலைமுறையில் 2 போய் 2 எஞ்சும். போகும் அளவு 8, 4, 2 எனக் குறைந்துகொண்டே வருகின்றது. போகும் விகிதமோ எப்பொழுதும் பாதியே. மெழுகுதிரி போல இக்காணி தீர்வதில்லை. இரண்டு தலைமுறையில் முக்காற்பங்கு போயிற்று. ஆகவே ஒரு தலைமுறையில் அரைப்பங்கு. முக்காலை இரண்டாற் பிரித்தால் இவ்விடை வாராது.

முதலாம் வரிசைத் தாக்கம் காணியைப் போன்றது, மெழுகுதிரியைப் போன்றதன்று. சம காலத்திற் சம அளவு குறைவதில்லை. சம விகிதம் குறைகின்றது. இதற்குக் காரணம் மூலக்கூறுகளின் இயல்பாகும். ஒரு குறித்த வெப்பநிலையில், பிரிகையடையக்கூடிய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் அடுத்த நிமிடத்திற் பிரிவதற்கான வாய்ப்பு ஒரேயளவினது. அது எவ்வளவு காலம் பிரியாமல் இருந்தது என்பது பொருட்டன்று. ஆகவே மூலக்கூறுகள் ஆயிரம் இருப்பின் பல பிரியும். நூறு இருப்பின் அதிற் பத்திலொரு பங்கே பிரியும். இருப்பது குறையக் குறையப் பிரிவதும் குறையும். இதனையே தாக்கவீதம் செறிவிற்கு நேர்விகிதசமமானது என்று நூல்கள் கூறுகின்றன.

வில்கெல்மி கண்ட வெல்லம்

இவ்வுண்மையை முதன்முதல் அளந்து சமன்பாட்டில் வடித்தவர் ஜேர்மன் நாட்டறிஞர் உலூத்விக்கு வில்கெல்மி. ஆண்டு 1850. அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாம் நாள்தோறும் தேநீரில் இடும் சீனியே. சீனிக் கரைசலுடன் அமிலம் சேர்த்தால், சுக்குரோசு நீருடன் தாக்கமடைந்து குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரு வெல்லங்களாகப் பிரியும். அமிலம் செலவாவதில்லை, ஊக்கியாகவே நிற்கும். சுக்குரோசுக் கரைசல் முனைவாக்கிய ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். பிரிகையில் உண்டாகும் கலவையோ இடப்பக்கம் திருப்பும். ஆகவே கரைசலைத் தொடாமலே, முனைவுமானியிற் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு சீனி எஞ்சியுள்ளது என்பதை நிமிடத்திற்கு நிமிடம் அறியலாம்.

அவர் கண்டது, சீனி மறையும் வீதம் அந்தக் கணத்தில் எஞ்சியுள்ள சீனிக்கு நேர்விகிதசமமானது என்பதே. நீரும் தாக்கத்திற் பங்குகொள்கின்றதே, அதனை ஏன் கணக்கிற் சேர்க்கவில்லை என மாணாக்கர் கேட்பது உண்டு. நல்ல கேள்வி. நீர் அங்கே மிகமிக அதிகமாக இருப்பதால், அதன் செறிவு ஏறக்குறைய மாறாமலே நிற்கின்றது. ஆகவே சீனியின் செறிவு ஒன்றே வீதத்தை ஆளுகின்றது. இத்தகைய தாக்கத்தைப் போலி முதலாம் வரிசைத் தாக்கம் என்பர்.

வில்கெல்மியின் ஆராய்ச்சியை அக்காலத்தார் பெரிதும் கவனிக்கவில்லை. அவர் 1864 இற் காலமானார். பின்னர் ஒஸ்வால்ட் என்னும் பேரறிஞரே அதனை உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். வெப்பநிலை உயர வீதமாறிலி எவ்வாறு உயர்கின்றது என 1889 இல் ஆரீனியசு ஆராய்ந்தபோதும், அவர் எடுத்துக்கொண்டது இதே சீனித் தாக்கமே.

மாறாதது எது?

வீதம் என்பது வேறு. வீதமாறிலி என்பது வேறு. தாக்கம் நடைபெறும்போது வீதம் குறைந்துகொண்டே செல்லும். மாறாமல் நிற்பது வீதமாறிலி. இதனை இனி மாறிலி என்றே வழங்குவோம். வெப்பநிலை மாறாதவரை இதுவும் மாறாது.

இவ்விடத்தில் நம் பேச்சு வழக்கும் ஓர் இடரை விளைக்கின்றது. "ஐம்பது வீதம் மழை குறைந்தது" என்று நாம் கூறும்போது, வீதம் என்பது நூற்றுக்கு இவ்வளவு என்பதைக் குறிக்கின்றது. "தாக்கவீதம்" என்னும்போது அச்சொல் ஒரு கால அலகில் நிகழும் மாற்றத்தைக் குறிக்கின்றது. ஒரு சொல் இரு பொருளுக்கு நிற்பதால், வினாவிலுள்ள 75 வீதத்தைத் தாக்கவீதத்தின் இடத்தில் வைத்துப் பெருக்கிய மாணாக்கரை நான் கண்டிருக்கின்றேன். கலைச்சொல்லைக் கற்கும்போதே அதன் எல்லையையும் கற்றல் வேண்டும்.

மாறிலி நிமிடத்துக்கு 0.0347 என்றால் என்ன பொருள்? எந்தக் கணத்திலும், அப்போது இருப்பதில் நூற்றுக்கு 3.47 பங்கு ஒரு நிமிடத்தில் மறையும் வேகத்தில் தாக்கம் நடைபெறுகின்றது என்பது பொருள். அந்த ஒரு நிமிடத்திற்குள்ளேயே இருப்பும் சிறிது குறைவதால், நிமிட முடிவில் உண்மையிற் குறைந்திருப்பது நூற்றுக்கு 3.41 பங்கு. வேறுபாடு சிறிது, ஆனால் நீண்ட நேரத்திற்கு அது பெரிதாகும். அதனாலேயே வெறும் பெருக்கல் போதாமல் மடக்கை வேண்டியதாயிற்று.

மடக்கை இங்கே வருவதற்கு அஞ்சவேண்டுவதில்லை. சம காலத்தில் எஞ்சும் அளவு ஒரே பின்னத்தாற் பெருக்கப்படுகின்றது. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றுவது மடக்கையின் தொழில். 1614 இல் நேப்பியர் மடக்கையை உலகிற்கு அளித்ததும் இவ்வுதவிக்காகவே. ஆகவே எஞ்சிய செறிவின் மடக்கை, சம காலத்திற் சம அளவு குறையும். தொகையீடு கற்றோர் அதனாற் பெறும் சமன்பாடும் இதுவே:

மாறிலி × நேரம் = 2.303 × மட (தொடக்கச் செறிவு ÷ எஞ்சிய செறிவு)

2.303 என்பது இயற்கை மடக்கையைப் பத்தின் அடி மடக்கையாக மாற்றும் எண். எஞ்சியது பாதி எனின், அடைப்புக்குள் இருப்பது 2. அதன் மடக்கை 0.3010. அதனை 2.303 ஆற் பெருக்க 0.693 வரும். ஆகவே,

அரைவாழ்வுக்காலம் = 0.693 ÷ மாறிலி

இவ்விரு சமன்பாடுகளுக்கு மேல் மூன்றாவதொன்று தேவையில்லை. இரண்டாவதிலே தொடக்கச் செறிவு இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்குக. எவ்வளவுடன் தொடங்கினாலும் பாதியாக எடுக்கும் காலம் ஒன்றே. முதலாம் வரிசைத் தாக்கத்தின் அடையாளம் இதுவாகும்.

நான்கு படிகள்

கணக்கைத் தொடங்குமுன் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுமாறு மாணாக்கருக்குக் கூறுவேன்.

முதலாவது: எஞ்சியது எவ்வளவு என்று தாளின் ஓரத்தில் எழுதுக. வினா கழிந்ததைக் கூறினாலும், உண்டான விளைவைக் கூறினாலும், மொத்தத்தைக் கூறினாலும், முதலில் அதனை எஞ்சியதாக மாற்றுக.

இரண்டாவது: தொடக்கத்திலிருந்ததை எஞ்சியதால் வகுக்க. விடை 2, 4, 8, 16 என்பவற்றுள் ஒன்றாயின், மடக்கை அட்டவணையைத் தேடவேண்டுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அரைவாழ்வுக்காலங்கள் கழிந்தன என எண்ணிவிடலாம்.

மூன்றாவது: அவ்வாறு அமையாதபோது மடக்கைச் சமன்பாட்டைப் பயன்படுத்துக. நேரம் நிமிடத்திலாயின் மாறிலியும் நிமிடத்துக்கு என்றே வரும். செக்கனிலாயின் செக்கனுக்கு என்று வரும். ஒரு கணக்கில் இரண்டையும் கலக்கலாகாது.

நான்காவது: விடையை அறிவாற் சோதிக்க. பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால், அரைவாழ்வுக்காலம் கழிந்த நேரத்திலும் கூடியதாதல் வேண்டும். பாதிக்குக் குறைவாக எஞ்சியிருந்தால் அதிலும் குறைந்ததாதல் வேண்டும்.

இனி நான் பிழைவிட்ட கணக்கைப் பார்ப்போம். 75 சதவீதம் முடிந்தது. ஆகவே எஞ்சியது 25 சதவீதம். 100 ஐ 25 ஆல் வகுக்க 4 வரும். நான்கு என்பது இருமுறை பாதியானது. 40 நிமிடத்தில் இரு அரைவாழ்வுக்காலங்கள். ஒன்று 20 நிமிடம். மாறிலி, 0.693 ஐ 20 ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 0.0347. இருபது நிமிடத்திற் பாதி. அடுத்த இருபதில் அந்தப் பாதியிற் பாதி. நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்றே: "தம்பி, எஞ்சியது எவ்வளவு?" கேட்டிருந்தால் இருவரும் பிழைத்திருப்போம்.

ஆக என்பதும் ஆல் என்பதும்

தமிழாசிரியன் கடமையாக இவ்விடத்திற் சிறிது நிற்கவேண்டியுள்ளது. பின்வரும் இரு வாக்கியங்களையும் நோக்குக.

"செறிவு 10 நிமிடத்தில் 80 சதவீதமாகக் குறைந்தது."

"செறிவு 10 நிமிடத்தில் 80 சதவீதத்தால் குறைந்தது."

எண் ஒன்றே; வினை ஒன்றே. உருபு மட்டும் வேறு. முதலாவதில் எஞ்சியது 80. இரண்டாவதிற் கழிந்தது 80, எஞ்சியது 20. முதலாவதற்கு 100 ஐ 80 ஆல் வகுக்க 1.25; அதன் மடக்கை 0.0969, 2.303 ஆற் பெருக்கி 10 ஆல் வகுக்க, மாறிலி நிமிடத்துக்கு 0.0223. அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 31 நிமிடம். இரண்டாவதற்கு 100 ஐ 20 ஆல் வகுக்க 5, மடக்கை 0.6990, மாறிலி நிமிடத்துக்கு 0.161. அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 4.3 நிமிடம். ஓர் உருபு மாறியதால் விடை ஏழு மடங்கு மாறிவிட்டது.

தமிழில் விஞ்ஞானம் கற்பது கடினம், மொழி அதற்கு இடங்கொடாது என்று கூறுவோர் இன்றும் உளர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்தது. மொழியிற் குறையில்லை என்பதற்கு மேற்காட்டிய இரு வாக்கியங்களே சான்று. இரு வேறு நிகழ்ச்சிகளை ஈரெழுத்தளவில் ஐயமின்றி வேறுபடுத்துகின்ற மொழி அது. குறை, அவ்வுருபைத் தாண்டிக்கொண்டு எண்ணை நோக்கி ஓடும் நம் கண்ணில் உள்ளது. இலக்கண பாடத்தில் வேற்றுமையைக் கற்ற மாணாக்கன், ஆய்வுகூட வாயிலில் அதனைக் கழற்றிவைத்துவிட்டுச் செல்லலாகாது.

ஆய்வுகூடத்தில் எஞ்சியதைக் காணல்

வினாவில் எஞ்சியது வெளிப்படையாகத் தரப்படாத இடங்கள் மூன்றினைக் காட்டுகின்றேன். எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதலாவது நியமிப்பு. ஊக்கி ஒன்றின் முன்னிலையில் ஐதரசன் பேரொட்சைட்டு, நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகின்றது. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சம கனவளவு கரைசலை எடுத்து, அமில ஊடகத்திற் பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் நியமிக்கின்றோம். தொடக்கத்தில் 25.0 கன சென்ரிமீற்றரும், பின் முறையே 20.0, 16.0, 12.8 கன சென்ரிமீற்றரும் தேவைப்பட்டன. பரமங்கனேற்று எஞ்சிய பேரொட்சைட்டுடனேயே தாக்கமடைவதால், இவ்வெண்களே எஞ்சியதைக் காட்டுகின்றன. குறைந்த அளவுகள் 5.0, 4.0, 3.2, இவை சமமல்ல. விகிதங்களைப் பார்க்குக: 20.0 ஐ 25.0 ஆல் வகுத்தாலும், 16.0 ஐ 20.0 ஆல் வகுத்தாலும், 12.8 ஐ 16.0 ஆல் வகுத்தாலும் 0.8 வருகின்றது. ஆகவே இது முதலாம் வரிசைத் தாக்கம். மாறிலி நாம் முன்னர் 80 சதவீதமாகக் குறைந்த கணக்கிற் கண்ட 0.0223 தான்.

இரண்டாவது வாயுவின் கனவளவு. அதே பரிசோதனையில், நியமிப்பதற்குப் பதிலாக வெளிவரும் ஒட்சிசனைச் சேகரிக்கின்றோம் எனக் கொள்க. பத்து நிமிடத்தில் 10 கன சென்ரிமீற்றரும், தாக்கம் முற்றுப்பெற்றபின் மொத்தம் 50 கன சென்ரிமீற்றரும் கிடைத்தன. பலர் 50 ஐ 10 ஆல் வகுத்துவிடுவர். பத்து என்பது கழிந்ததன் கணக்கு. எஞ்சியதன் கணக்கு 50 இலிருந்து 10 ஐக் கழிக்க வரும் 40. ஆகவே வகுக்கவேண்டியது 50 ஐ 40 ஆல். விடை 1.25, மாறிலி மீண்டும் அதுவே.

மூன்றாவது வாயுவின் அமுக்கம். சல்பூரைல் குளோரைட்டு ஆவியானது சல்பர் ஈரொட்சைட்டாகவும் குளோரீனாகவும் பிரிவது முதலாம் வரிசைத் தாக்கம். 320 பாகை செல்சியசில் அதன் மாறிலி செக்கனுக்கு ஏறக்குறைய 0.000022. மூடிய பாத்திரத்தில் அவ்வாவி மட்டும் 100 கிலோபசுக்கால் அமுக்கத்தில் உளது. மொத்த அமுக்கம் 175 ஆக எவ்வளவு நேரம் செல்லும்? இங்கே அமுக்கம் கூடுகின்றது. எனவே 175 எஞ்சியதாகாது. ஒரு மூலக்கூறு பிரிய இரண்டு உண்டாகின்றன. ஆகவே ஒவ்வொரு பிரிகையாலும் மொத்தத்தில் ஒன்று கூடுகின்றது. மொத்தம் 75 கூடியது, ஆகவே பிரிந்தது 75, எஞ்சியது 25. மறுபடியும் நம் பழைய நண்பனான நாலிலொன்று. அரைவாழ்வுக்காலம், 0.693 ஐ 0.000022 ஆல் வகுக்க, 31,500 செக்கன். அதாவது 8¾ மணித்தியாலம். இரு அரைவாழ்வுக்காலங்கள் 17½ மணித்தியாலம். கணக்கு முழுவதும் 175 ஐ 25 ஆக மாற்றியதிலேயே அடங்கியிருந்தது.

அளவீடுகள் பல இருந்தால் வரைபு வரைதல் நன்று. எஞ்சிய செறிவின் மடக்கையை நிலைக்குத்து அச்சிலும் நேரத்தைக் கிடை அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறன் மறைக்குறி உடையது. அக்குறியை நீக்கி 2.303 ஆற் பெருக்க மாறிலி வரும். ஓர் அளவீடு பிழையாயின் அப்புள்ளி கோட்டை விட்டு விலகி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரு எண்களை மட்டும் நம்பிச் செய்யும் கணக்கிற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. புள்ளிகள் எல்லாமே வளைகோட்டில் அமைந்தால், தாக்கம் முதலாம் வரிசையினதன்று என அறிந்து, மேற்சொன்ன சமன்பாடுகளை விட்டுவிடல் வேண்டும். அவை எல்லாத் தாக்கத்திற்கும் உரியனவல்ல.

ஆய்வுகூடத்திற்கு வெளியே

இக்கணக்கு பரீட்சைத் தாளுடன் முடிந்துவிடுவதன்று. 1902 அளவில் இரதபோட்டும் சொடியும் தோரியம் பற்றி ஆராய்ந்தபொழுது, கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வும் இதே விதியைப் பின்பற்றுவதைக் கண்டனர். அங்கே வெப்பநிலை கூட மாறிலியை மாற்றுவதில்லை. காபன் 14 இன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 5,730 ஆண்டு. பழைய மரத்துண்டொன்றில், உயிருள்ள மரத்தில் இருப்பதன் காற்பங்கு காபன் 14 எஞ்சியிருந்தால், அம்மரம் பட்டு ஏறக்குறைய 11,460 ஆண்டு ஆயிற்று எனக் கூறலாம். இம்முறையை வகுத்த இலிபி 1960 இல் நோபல் பரிசு பெற்றார்.

1986 ஏப்பிரிலிற் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, காற்றிற் கலந்த பொருள்களுள் அயடீன் 131 உம் சீசியம் 137 உம் இருந்தன. அயடீனின் அரைவாழ்வுக்காலம் 8 நாள். எண்பது நாளிற் பத்துமுறை பாதியாகி, 1,024 இல் ஒரு பங்கே எஞ்சியது. சீசியத்தின் அரைவாழ்வுக்காலமோ ஏறக்குறைய 30 ஆண்டு; அது பாதியாவதற்கு 2016 வரை செல்லவேண்டியிருந்தது. "அரைவாழ்வு 30 ஆண்டு எனின் 60 ஆண்டில் முழுவதும் தீர்ந்துவிடும்" என்று மெழுகுதிரிக் கணக்குப் போடுபவன், அந்நிலத்தைப் பற்றிப் பெரும்பிழையான முடிவுக்கு வருவான். அறுபது ஆண்டின் பின்னும் காற்பங்கு எஞ்சியிருக்கும். வாசிப்புப் பிழை புள்ளியோடு நிற்பதில்லை என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

மாணாக்கருக்குச் சில பயிற்சிகள்

1. ஒரு பொருளின் செறிவு 24 நிமிடத்தில் 12.5 சதவீதமாகக் குறைந்தது. அரைவாழ்வுக்காலம் யாது?

2. வேறொரு பொருளின் செறிவு 24 நிமிடத்தில் 12.5 சதவீதத்தால் குறைந்தது. அரைவாழ்வுக்காலம் யாது?

3. ஒரு தாக்கத்தின் 90 சதவீதம் 1 மணித்தியாலத்தில் முடிந்தது. 99.9 சதவீதம் முடிவதற்குத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு நேரம் செல்லும்? இதற்கு மடக்கை அட்டவணை தேவையில்லை.

விடைகள்: 8 நிமிடம், ஏறக்குறைய 124½ நிமிடம், 3 மணித்தியாலம். மூன்றாவதன் விடை கண்டு வியப்போர், எஞ்சியதைப் பத்திலொன்று, நூறிலொன்று, ஆயிரத்திலொன்று என எழுதிப் பார்க்க.

அம்மாணாக்கனைப் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றேன். நான் கணக்கைக் கற்றுத் தெளிந்த மறுநாட் காலை, அவனுடைய வகுப்பிற்குச் சென்று, பிழை என்னுடையது என எல்லோர் முன்னிலையிலும் கூறி, கரும்பலகையில் அக்கணக்கைச் செய்துகாட்டினேன். தமிழாசிரியன் மடக்கை எழுதுவது கண்டு சிலர் சிரித்தனர், அவன் சிரிக்கவில்லை. தன் புத்தகத்தைத் திறந்து, 26⅔ என்பதை அழிக்காமல், அதன்மேல் ஒரு கோடு மட்டும் கீறி, அருகே 20 என எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து வாரத்தில் ஒரு மாலை உயர்தர வகுப்பினருடன் அமர்ந்து, விஞ்ஞான வினாக்களை வாசிக்க மட்டும் பயிற்றிவருகின்றேன். விடை சொல்வது என் வேலையன்று. அது என் நண்பருடையது. "எஞ்சியது எவ்வளவு? ஆகவா, ஆலா?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பேன். இக்கல்லூரியிற் கற்ற பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளின் புத்தகத்தை மாலையில் வாங்கிப் பார்க்கும்போது, அவ்விரு கேள்விகளையும் கேட்பார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்தவனாவேன்.